நாற்பத்து மூன்று சதவீதம்

பத்துக்குள் இருக்க வேண்டிய எண் நாற்பத்து மூன்று என்று வந்து நின்றால் ஒருத்திக்கு என்னதான் ஆகாது? செண்பகவல்லிக்கு முதலில் காது அடைத்தது, பிறகு பசி போயிற்று. பல்கலைக்கழக நூலகத்துக் கவுன்டரில் இருந்த பெண், பாவம், நல்ல மாதிரிதான் சொன்னாள். மேடம், உங்க ஆய்வேட்டில் நாற்பத்து மூன்று சதவீதம் ஏற்கெனவே வேறு எங்கேயோ இருக்கிற எழுத்து என்று சாஃப்ட்வேர் காட்டுகிறது, அதிலும் முப்பத்தெட்டு ஒரே இடத்திலிருந்து, இதே பல்கலைக்கழகத்தில் யாரோ முன்னாடியே ஏற்றி வைத்திருக்கிறார்கள், யார் என்று எனக்குத் திறக்காது, துணை நூலகர் ஜபருல்லா சார் வந்துதான் பார்க்கணும், இன்றைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிருக்கிறார், இரண்டேகாலுக்கு வந்துவிடுவார், நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாங்களேன். சாப்பிடவாம்! மணி ஒன்று பத்து. ஐந்து மணிக்கு ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். ஆறு வருடக் கெடுவும், கெஞ்சிக் கூத்தாடி வாங்கின ஏழாவது வருடமும் இன்று ஐந்து மணியோடு சரி. அதற்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. நாலு பாடம் படித்துப் பரீட்சை எழுதி, வாய்மொழித் தேர்வில் மூன்று பேராசிரியர்கள் மாற்றி மாற்றிக் குடைந்ததைத் தாங்கி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வுக் குழுக் கூட்டம் வைத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முந்திரி பக்கோடாவும் பாதாம் பாலும் தானே வாங்கி அடுக்கி, இரண்டு கட்டுரை வெளியிட்டு, பாக்கி ஏதும் இல்லை என்று பதினோரு அறைகளில் முத்திரை வாங்கி, எல்லாம் செய்தாயிற்று. இந்தப் பெண்மணி இதை வேறு எங்கிருந்தும் எடுக்கவில்லை என்று நூலகம் கொடுக்கும் ஒரே ஒரு தாள்தான் மிச்சம்.

வாசலுக்கு வெளியே புங்கமரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு. அதில் போய் உட்கார்ந்து, ஐந்து பிரதி ஆய்வேடு இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் வைக்க மனசு வரவில்லை. வைத்தால் யாராவது, யாராவது என்றால் யார், இந்த வெயிலில் யார் வந்து தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள், தூக்க வேண்டியதைத்தான் ஏற்கெனவே தூக்கியாயிற்றே. முப்பத்தெட்டு. சும்மா இரண்டு வரி மூன்று வரி இல்லை. மூன்று அத்தியாயம் வரும். இரண்டு, மூன்று, நாலு. மோட்டார் காயிலில் ஆயிரம் சுற்றில் ஒரே ஒரு சுற்று ஷார்ட் ஆகியிருந்தால், மோட்டார் நன்றாகத்தான் ஓடும், சத்தம் வராது, புகை வராது, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கரென்ட்டை மட்டும் வைத்து அந்த ஒற்றைச் சுற்றைக் கண்டுபிடிப்பது எப்படி, அதுதான் அவள் ஆய்வு. ஏழு வருடமாக அதைத் தேடினவளுக்குத் தன் பக்கத்திலேயே ஒன்று எரிந்துகொண்டிருந்தது தெரியவில்லையே என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. அழுது என்ன ஆகப் போகிறது, யார் என்று யோசி, யார், யாரிடம் கொடுத்தாய், யார் கேட்டார்கள். நிரஞ்சன். வேறு யார். அதே வழிகாட்டியிடம் முழுநேரமாக ஆய்வு செய்கிற பையன், இருபத்தேழு வயது, அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான், அந்த வாய்தான் சந்தேகம். போன தை மாதம் லேபில் வைத்து, அக்கா மூணாவது அத்தியாயத்தை அனுப்புங்க, மார்ஜின் எல்லாம் ஃபார்மேட்படி இருக்கான்னு பார்த்துத் தரேன் என்றான். இவளும் வள்ளிசாக அனுப்பினாள். பார்த்தும் கொடுத்தான். ஒரு நாளில் கொடுத்தான். ஒரு நாளில் எவனாவது இன்னொருத்தர் மார்ஜினை உட்கார்ந்து சரி செய்வானா? அவனுக்கு என்ன லாபம்? அதுதானே. அப்போது ஏன் இது தோன்றவில்லை. மூன்றாவது அத்தியாயம் சரி, இரண்டும் நாலும் எப்படிப் போயிற்று என்று ஒரு குரல் கேட்டது, அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போனை எடுத்து அவனுக்கு எழுதினாள். நிரஞ்சன், என் அத்தியாயத்தை எங்கேயாவது அப்லோட் பண்ணினியா? அனுப்பிய மறு விநாடியே, இல்லையேக்கா ஏன் என்று பதில். மறு விநாடியே! பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவன் மாதிரி. கொஞ்சம் நேரம் கழித்து வந்திருந்தால் மட்டும் நம்பியிருப்பாளா, யோசித்து எழுதுகிறான் பார் என்றிருப்பாள், அது வேறு. அவள் பதில் போடவில்லை. அவன் ஒரு கேள்விக்குறி அனுப்பினான். பிறகு, ஏதாவது பிரச்சினையாக்கா, நான் கேம்பஸில்தான் இருக்கேன், வரட்டுமா. வரவேண்டாம். வந்து முகத்தைப் பார்த்தால் நம்பிவிடுவாள், அவளுக்குத் தன்னைத் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்தாள். நாய் ஒன்று வந்து பெஞ்சின் நிழலில் படுத்துக்கொண்டு, அவள் செருப்பை மோந்துவிட்டுக் கண்ணை மூடியது. அப்படி என்றால் அருள்செல்வி மேடமா? செண்பகவல்லி வேலை பார்க்கிற கல்லூரியின் துறைத் தலைவி. அவருக்குப் பட்டம் இரண்டு வருடம் முன்னாடி வந்தது. இன்னொருத்திக்கும் வந்தால் நாற்காலிக்குப் போட்டி. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போகும்போதெல்லாம் இவள் கம்ப்யூட்டரைப் பூட்டாமல்தான் போவாள், கூட வேலை பார்ப்பவர்கள்தானே என்று. தயிர்சாதத்தில் மாதுளை போட்டுக் கொண்டுவந்து பங்கு வைக்கிற மனுஷி. என்னம்மா எந்த மட்டில் இருக்கு, நாலாவது முடிஞ்சுதா என்று வாரா வாரம் விசாரிப்பார். அக்கறை என்றுதான் நினைத்திருந்தாள். நாலாவது முடிந்ததா என்று எதற்காக இவ்வளவு விசாரிக்க வேண்டும்? மாதுளை எதற்கு? இப்படி மாதுளைக்கெல்லாம் கணக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனாலும் அந்தப் பெயரை அவள் அழிக்கவில்லை, நிரஞ்சனுக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

ஒன்று நாற்பதுக்கு வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். இசக்கிராஜ், பம்பு உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறவர், ஆய்வேட்டின் அட்டையைத் தவிர வேறு ஒரு பக்கத்தை வாசித்தவரில்லை. ஆனால் பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய் பிரிண்ட் போட்டு வந்தது அவர்தானே? மூன்று தடவை. எந்தக் கடையில், யாரிடம், அங்கே கம்ப்யூட்டரில் காப்பி பண்ணி வைத்துக்கொண்டார்களா, அதைக் காசுக்கு விற்கிற ஆட்கள் இருக்கிறார்களாமே. போன் போட்டாள். எடுத்த எடுப்பில், நீங்க அன்னிக்கி பென் டிரைவை எந்தக் கடையில குடுத்தீங்க, அங்கேயே நின்னீங்களா, டீ குடிக்கப் போனீங்களா என்று கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒப்படைச்சாச்சா, நான் அரை நாள் லீவு சொல்லிட்டு ஸ்வீட் வாங்கி வைக்கட்டுமா என்று அவர் பாட்டுக்கு அவர் கேட்டார். டீ குடிக்கப் போனீங்களா இல்லையா என்று மறுபடி கேட்டாள். அதற்கு அவர், நின்னுக்கிட்டேதான் இருந்தேன் செண்பகம், நூத்தி எண்பது பக்கத்தையும் எண்ணிப் பாத்துதான் வாங்குனேன், ஒரு பக்கம் கோணலா விழுந்திருந்துச்சு, திருப்பிப் போடச் சொன்னேன், என்றார். குரல் இறங்கியிருந்தது. வைத்துவிட்டாள். ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சமையல் முழுக்க அவர்தான். அவரையே கேட்டுவிட்டாள். என்ன ஜென்மம் இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சபேசன் சாரைக் கூப்பிட்டால் என்ன? அவளுடைய வழிகாட்டி, மின் பொறியியல் துறையில் இருபத்தாறு வருடம், மாடியில்தான் அறை, இங்கிருந்து ஜன்னல்கூடத் தெரிகிறது. பெயர் வரைக்கும் விரல் போயிற்று, அங்கே நின்றுவிட்டது. நாற்பத்து மூன்று என்ற எண் அவர் காதில் விழவே கூடாது. மற்றவர்கள் என்ன நினைத்தால் என்ன, அவர் மட்டும் நினைத்துவிடக் கூடாது. எந்த அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரு வாரத்தில் திருப்பித் தருவார், ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னதாகக் குறித்திருப்பார், நல்லா வந்திருக்கும்மா என்பார். அவர் ஒருத்தர்தான் அவளைச் சந்தேகமில்லாமல் பார்த்தவர். அவரிடம் போய், சார், என் எழுத்து திருட்டு எழுத்து என்று மெஷின் சொல்கிறது என்று எந்த வாயால் சொல்வது? ஜபருல்லா சார் வரட்டும், பேர் தெரியட்டும், திருடனைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிற்கலாம். அவளைச் சுற்றி இருந்தவர்களில் அவர் ஒருவரை மட்டும் அவள் பட்டியலில் சேர்க்கவே இல்லை. சேர்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

திருடன் என்று யாருமே இல்லாவிட்டால்? திருடி அவளேயாக இருந்தால்? வீட்டில் பீரோவுக்குள் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. யாருக்கும் காட்டினதில்லை, இசக்கிராஜுக்குக்கூட. கோவில்பட்டியில் பன்னிரண்டாவது படிக்கவில்லை, பத்தாவதோடு பாலிடெக்னிக், அங்கே டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் வருடம் இன்ஜினியரிங், எல்லாம் தமிழில் நினைத்து இங்கிலீஷில் எழுதிக் கரையேறினவள். மோட்டாரைத் தொட்டுப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள், அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடையில் சின்ன வயசிலேயே உட்கார்ந்து சுற்று எண்ணினவள். ஆனால் அதை ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுது என்றால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். முதல் வருடம் எழுதிக் கொடுத்த அறிக்கையைக் குழுவில் ஒருவர் படித்துவிட்டு உதட்டுக்குள் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் நோட்டு போட்டாள். நல்ல கட்டுரையாகத் தேடித் தேடி வாசித்து, அதில் வருகிற நல்ல வாக்கியங்களைக் கையால் எழுதி வைத்தாள். இட் கேன் பி இன்ஃபர்டு தட். டு தி பெஸ்ட் ஆஃப் தி ஆத்தர்ஸ் நாலெட்ஜ். காலையில் சோறு வடிக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள். அப்புறம் தன் மோட்டாரை அந்த வாக்கியத்துக்குள் வைத்துப் பார்ப்பாள். பொருந்தாவிட்டால் உடைத்துத் திரும்ப எழுதுவாள், ஒரு வாக்கியத்துக்கு ஒரு பொழுது போனதும் உண்டு. ஏழு வருடத்தில் நோட்டு பார்க்காமலே வர ஆரம்பித்துவிட்டது. தானாக வருகிறது என்றல்லவா நினைத்தாள். தானாக வந்ததா, ஞாபகத்திலிருந்து வந்ததா? ஒரு பத்தியையே முழுசாக யாரிடமிருந்தோ எடுத்து, தன்னுடையது என்று நம்பி எழுதிவிட்டாளா? மூன்று அத்தியாயத்தையுமா? அப்படி நடக்குமா? நடக்காது. நடக்காது என்று யார் சொல்வது? மெஷின் நடந்திருக்கிறது என்கிறதே. கை பையை இறுக்கிப் பிடித்திருந்தது, உள்ளங்கை வேர்த்து துணி நனைந்திருந்தது. தன் எழுத்து தன்னுடையதா என்று இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குப் பயத்தைவிட அவமானம்தான் கூடுதலாக இருந்தது.

இரண்டு இருபதுக்கு ஜபருல்லா சார் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி வந்தார். வாங்கம்மா, என்ன நாற்பத்து மூணா, பயப்படாதீங்க, முதல்ல பார்ப்போம் என்று தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கடவுச்சொல்லை ஒற்றை விரலால் அடித்தார். அது திறக்க ஒரு யுகம் ஆயிற்று. நிரஞ்சன் என்று வரும் என்று அவள் முழு மனசோடு எதிர்பார்த்தாள். அப்படி வந்தால்கூடப் போதும், தான் திருடி இல்லை என்றாவது ஆகும். அவர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, அட, இதுதானா என்று சிரித்தார். உங்க கைடு கணக்கும்மா. டாக்டர் சபேசன். உங்க அத்தியாயங்களை அவர்தான் முன்னாடியே இதே சாஃப்ட்வேர்ல ஏத்தி செக் பண்ணியிருக்கார். செக் பண்ணினா அந்தக் காப்பியை மெஷின் தனக்குள்ள வச்சுக்கும். வேண்டாம்னா ஒரு டிக்கை எடுத்து விடணும், சார் மறந்துட்டார். உங்களையே உங்களோட ஒப்பிட்டு நாற்பத்து மூணு காட்டுது. பாதிப் பேருக்கு இதே கதைதான். உங்க கைடுகிட்ட, நான்தான் ஏத்தினேன்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, அதை நீக்கிட்டு அஞ்சு சதவீதம்னு சான்றிதழ் போட்டுத் தரேன், நாலே முக்காலுக்குள்ள வந்துடுங்க.

அவ்வளவுதான். தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அவள் எதையும் எடுக்கவில்லை, அவளிடமிருந்தும் யாரும் எடுக்கவில்லை, நிரஞ்சனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஸ்வீட் வாங்கி வைக்கச் சொல்ல வேண்டும். எழுந்தவள் திரையில் இருந்த தேதிகளைப் பார்த்தாள். மூன்று தேதி. மூன்றும் அவளுக்குத் தெரியும், கெடுவுக்காகக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்த தேதிகள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவர் கையில் கொடுத்த அதே நாள். இரண்டாவது அத்தியாயம், காலை பதினோரு மணிக்குக் கொடுத்தாள். பதினொன்று நாற்பதுக்கு ஏற்றியிருக்கிறார். பக்கத்தில் முடிவு: மூன்று சதவீதம். சுத்தம். அத்தோடு விட்டிருக்கலாம். எட்டு மாதம் கழித்து மூன்றாவது அத்தியாயம், மறுபடி. இரண்டு சதவீதம். அதற்கும் அடுத்தது நாலாவது, மறுபடி. நாலு. மூன்று தடவை பார்த்து, மூன்று தடவையும் ஒன்றும் கிடைக்காமல், ஓரத்தில் பென்சிலால் குறித்து, நல்லா வந்திருக்கும்மா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வழக்கமாக எல்லோருக்கும் பார்ப்பார் போல என்று அவளே அவருக்காகச் சொல்லிப் பார்த்தாள். அப்படித்தான் இருக்கும். ஆறு மாணவர்கள் அவருக்கு. ஜபருல்லா சாரைப் பார்த்து, சார், மத்தவங்களோடதையும் ஏத்தியிருப்பார் இல்லையா, அவங்களுக்கும் இதே சிக்கல் வருமே, என்று மெல்லக் கேட்டாள். அவர் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, இல்லம்மா, உங்களுது மட்டும்தான் இருக்கு என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கும் என்னவோ மாதிரி ஆகியிருக்க வேண்டும். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கவுன்டர் பெண்ணைக் கூப்பிட்டார்.

கடிதத்தை யார் எழுதுவது? அது ஒரு கேள்வியா. எந்தத் துறையிலும் வழிகாட்டி பெயரில் போகிற கடிதத்தை மாணவர்தான் அடிப்பார், அவர் கையெழுத்து மட்டும் போடுவார். ஏழு வருடத்தில் சபேசன் சாருக்காக முப்பது கடிதமாவது அடித்திருப்பாள், அவர் நடை அவளுக்கு அத்துப்படி. நூலகக் கம்ப்யூட்டர் ஒன்று காலியாக முக்கால் மணி நேரம் ஆயிற்று, அதில் உட்கார்ந்தாள். கீழ்க்கண்ட மூன்று அத்தியாயங்களையும் நானே என் கணக்கில் ஏற்றினேன் என்று இங்கிலீஷில் தடங்கலில்லாமல் வந்தது. தேதி மூன்றையும் போட்டாள். ஏற்றியதற்கான காரணம், என்று தொடங்கினாள். விரல் நின்றது. வழக்கமான சோதனைக்காக என்று போட்டால் முடிந்தது கதை. அது பொய். அவர் சார்பில் அந்தப் பொய்யை அவள் எழுத வேண்டும், அவர் கையெழுத்துப் போடுவார், காலாகாலத்துக்கும் கோப்பில் இருக்கும். இந்த இங்கிலீஷ் இவளுடையதுதானா என்று சந்தேகப்பட்டேன் என்ற உண்மையை எழுதினால் அவர் கையெழுத்துப் போடுவாரா? போடமாட்டேன் என்று ஐந்து மணி வரை உட்கார்ந்துவிட்டால்? மணி மூன்றரை. அவள் காரணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரி இடத்தை வெறுமனே விட்டு, பிரிண்ட் எடுத்து, மாடி ஏறினாள். படிக்கட்டில் மூச்சு வாங்கியது, பை கனத்தது, கோபம் அதைவிடக் கனத்தது.

வாங்கம்மா, ஒப்படைச்சாச்சா, என்று சபேசன் சார் முகம் மலர்ந்து கேட்டார். அந்த மலர்ச்சி நிஜம்தான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நடந்ததை இரண்டு வார்த்தையில் சொன்னாள். அடடா, அந்த டிக்கு, என்று நெற்றியில் தட்டிக்கொண்டு கடிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றி வாசித்தார். கடைசியில் வந்து நின்றார்.

"காரணம் போடலியேம்மா?"

"அதை நீங்களே எழுதிடுங்க சார்."

வழக்கமான சோதனை என்று போட்டுக்கோங்க, எல்லாருக்கும் செய்யறதுதானே, என்று சொல்லித் தாளை அவள் பக்கமே தள்ளினார். அவள் அதைத் தொடவில்லை.

"ஜபருல்லா சார் உங்க லிஸ்ட்டைத் திறந்து காட்டினார் சார். அதுல நான் ஒருத்திதான் இருக்கேன்."

அவர் கை தாளின் மேலேயே இருந்தது. வராண்டாவில் யாரோ ஸ்டூலை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஆய்வேட்டின் அட்டையைப் பார்த்தார். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காலி இடத்துக்கு நேரே பேனா முனை வந்து, வைக்காமல் நின்றது.

"என்னம்மா எழுதட்டும்?" என்றார், ரொம்ப மெல்ல.

"தெரியல சார். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதே."

சபேசன் சார் தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தார். ஐந்து மணிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவர் உட்காரச் சொல்லியும் அவள் நின்றுகொண்டே காத்திருந்தாள்.